பத்து ரூபாய் நோட்டு ஏன் இவ்வளவு சீக்கிரம் சாகிறது? நோட்டு அச்சடிப்பும் சுற்றுச்சூழலும்: பேசுவோம்

பழைய கேஷியர்

வணக்கம். முப்பத்தோரு வருடம் வங்கியில் பணம் எண்ணியவன் நான். கடைசி ஒன்பது வருடம் கரன்சி செஸ்ட்டில், அதாவது ரிசர்வ் வங்கியின் நோட்டுகளைச் சேமித்து வைக்கும் பெட்டகத்தில் இருந்தேன். ஓய்வு பெற்ற பிறகும் விரல் நுனி நோட்டின் தடிமனை மறக்கவில்லை.

ரிசர்வ் வங்கியின் 2024-25 ஆண்டறிக்கையில் ஒரு வரி என்னை உட்கார வைத்துவிட்டது. அழுக்கு நோட்டுகளைத் துண்டு துண்டாக நறுக்கி அழுத்திச் செய்யும் கட்டிகள் வருடத்துக்குச் சுமார் 15,000 டன் சேர்கின்றனவாம். காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 2023-24இல் அழித்த நோட்டுகள் ஏறத்தாழ 2,124 கோடி. ஒரு நோட்டு முக்கால் கிராம் என்று வைத்தால் கிட்டத்தட்ட அதே எடைதான் வருகிறது. அவ்வளவு பஞ்சு, மை, தண்ணீர், மின்சாரம். அதற்கு ஈடாக மறுபடியும் அதே அளவு புதிதாக அடிக்க வேண்டும். 2024-25இல் அச்சடிக்க மட்டும் ஆன செலவு 6,372.8 கோடி ரூபாய்; அதற்கு முந்தைய வருடம் 5,101.4 கோடி.

"பிளாஸ்டிக் நோட்டுக்கு மாறிவிடலாமே" என்று எல்லாரும் சொல்கிறார்கள். அதையும் பேசலாம். ஆனால் நான் முதலில் சொல்ல விரும்புவது வேறு. இருக்கிற நோட்டு இன்னும் ஆறு மாதம் கூடுதலாகப் புழங்கினால் அந்த ஆறு மாதத்துக்கான நோட்டை அடிக்கவே வேண்டாம். அதைவிடப் பசுமையான தொழில்நுட்பம் எந்த ஆலையிலும் கிடையாது.

இதை வெறும் பேச்சாகச் சொல்லவில்லை, கண்ணால் பார்த்தேன். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் நூறு நோட்டுக் கட்டைத் தடிமனான பின் போட்டு அடிப்பார்கள். இடது பக்கம், சரியாக நீர்க்குறி இருக்கும் வெள்ளை இடத்தில். ஒவ்வொரு கிளையிலும் ஒருமுறை. கட்டைப் பிரிக்க ஸ்க்ரூ டிரைவர் வைத்திருப்போம். நெம்பினால் மேல் நோட்டும் அடி நோட்டும் காதோடு கிழியும். என் வலது கட்டை விரல் நகத்துக்கு அடியில் பின் ஏறிச் சீழ் பிடித்து, இரண்டு வாரம் இடது கையால் எண்ணியிருக்கிறேன். ஒரே வருடம் புழங்கிய நூறு ரூபாய் நோட்டில் பதினாறு ஓட்டை எண்ணியதும் உண்டு. ஒளியில் பிடித்தால் சல்லடை.

1999இல் தூய நோட்டுக் கொள்கை வந்தது. 2001 நவம்பரில் பின் அடிப்பதையே ரிசர்வ் வங்கி தடை செய்து, காகிதப் பட்டை சுற்றச் சொன்னது. புதிய இயந்திரம் எதுவும் வாங்கவில்லை. ஒரு பழக்கத்தை நிறுத்தியதிலேயே நோட்டின் தோற்றம் மாறிப்போனது. இதுபோல நிறுத்தக்கூடிய பழக்கங்கள் இன்னும் எத்தனை இருக்கின்றன? உங்கள் உங்கள் தொழிலில் பார்த்ததை எழுதுங்கள்.

சூழல்கணக்கு

ஐயா, நல்ல தொடக்கம். நான் பொருட்களின் வாழ்நாள் பாதிப்பைக் கணக்கிடும் வேலையில் இருக்கிறேன், நெதர்லாந்தில். ஒரு விஷயத்தை ஆரம்பத்திலேயே வைத்துவிடுகிறேன், இல்லாவிட்டால் அச்சகத்தை மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திவிடுவோம்.

ஐரோப்பிய மத்திய வங்கி யூரோ நோட்டுகளின் மொத்தச் சுற்றுச்சூழல் தடத்தை அளந்து 2023 டிசம்பரில் வெளியிட்டது. ஒரு யூரோ நாட்டுக்காரர் வருடம் முழுக்க நோட்டு புழங்குவதால் வரும் பாதிப்பு, ஒரு காரை 8 கிலோமீட்டர் ஓட்டுவதற்குச் சமம். அதில் எது எவ்வளவு என்று பார்த்தால்தான் வியப்பு. ஏடிஎம் இயந்திரங்கள் தின்னும் மின்சாரம் 37 சதவீதம், போக்குவரத்து 35. மத்திய வங்கிகள் நோட்டைத் தரம் பிரிப்பது 10. காகிதம் செய்வது 9தான்.

அதனால் "நோட்டு தயாரிப்பைப் பசுமையாக்குவது" என்பதை அச்சகத்தின் மதில் சுவரோடு நிறுத்தினால் சின்னப் பங்கைத்தான் தொடுவோம்.

பழைய கேஷியர்

தங்கச்சி, கணக்கை மறுக்கவில்லை. ஆனால் யூரோவில் சிறிய நோட்டு ஐந்து யூரோ. அதைவிடக் குறைந்தது எல்லாம் நாணயம். நம் ஊரில் பத்து ரூபாய் நோட்டு டீக்கடையில் ஒரே நாளில் எத்தனை கை மாறும் என்று யோசித்துப் பாருங்கள். நோட்டு சீக்கிரம் சாகும் நாட்டில் காகிதத்தின் பங்கும் அச்சின் பங்கும் ஏறத்தானே செய்யும்?

ஏடிஎம் பற்றி நீங்கள் சொன்னது நூறு சதவீதம் சரி. நம் ஊரில் அதோடு ஏசியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மூன்றடிக்கு நான்கடி அறை, கண்ணாடிக் கதவு பாதி திறந்தே கிடக்கும், இராப்பகலாக ஏசி ஓடும்.

சூழல்கணக்கு

ஆமாம், ஏறும். ஆயுள் குறைந்தால் தயாரிப்பின் பங்கு கூடும் என்பது கணக்கிலேயே வரும் விஷயம். ஏற்றுக்கொள்கிறேன்.

நூல்மில் ராஜபாளையம்

இந்த உரையாடலில் பஞ்சு பற்றி யாராவது எழுதுவார்கள் என்று காத்திருந்தேன், நானே எழுதிவிடுகிறேன்.

நம் நோட்டு நூற்றுக்கு நூறு பஞ்சுக் காகிதம். மரக்கூழ் கிடையாது. அதனால்தான் சட்டைப் பையோடு துவைத்தாலும் கரையாமல் நிற்கிறது. ஆனால் அந்தப் பஞ்சு, செடியிலிருந்து நேரே நோட்டுக்குப் போகும் பஞ்சு அல்ல. மில்லில் கோம்பிங் ஓட்டும்போது, அதாவது பஞ்சைச் சீப்பால் சீவும்போது, நீள இழை நூலுக்குப் போகும். சீப்பில் தங்கும் குட்டை இழையை நாங்கள் கோம்பர் நாயில் என்போம். போடும் பஞ்சில் 15 முதல் 20 சதவீதம் வரை இப்படி விழும். பார்க்க மேகம் மாதிரி வெள்ளை வெளேர் என்று இருக்கும், அள்ளினால் கையில் எடையே தெரியாது. ஏற்கனவே ஒருமுறை சீவி, தூசி நீக்கிச் சுத்தமாக வருவதால் நோட்டுக் காகித ஆலைகளுக்கு இதன் மேல் ஒரு கண். ஐரோப்பாவுக்குக் கப்பலில் போகிறது. இங்கே குட்டை இழையில் தடித்த நூல் நூற்கும் ஓப்பன் எண்ட் மில்காரர்களுக்கும் இதே நாயில்தான் வேண்டும், அதனால் விலை எகிறும்போதெல்லாம் சண்டை.

இதைக் "கழிவுப் பஞ்சு" என்று சொல்லி அச்சகத்துக்குப் பசுமைச் சான்று கொடுத்துவிடலாமா என்றால், என் பதில் கூடாது என்பதுதான். கிலோ நல்ல விலைக்குப் போகும் ஒன்றைக் கழிவு என்று எப்படிச் சொல்வது? பருத்திக் காட்டில் அடித்த மருந்து, பாய்ச்சிய தண்ணீர் இதிலும் ஒரு பங்கு உண்டு.

சூழல்கணக்கு

அண்ணா, நீங்கள் சொன்னது எங்கள் துறையில் இன்றுவரை ஓயாத வாதம். உபபொருளுக்குப் பாதிப்பில் எவ்வளவு பங்கு எழுதுவது? எடைப்படியா, விலைப்படியா? "கழிவு, அதனால் பூஜ்யம்" என்று எழுதினால் காகித நோட்டு பிளாஸ்டிக்கை எளிதாக வென்றுவிடும். எடைப்படி எழுதினால் தோற்றுப்போகலாம். பிளாஸ்டிக்கா காகிதமா என்று அடித்துப் பேசும் எந்த அறிக்கையைப் படித்தாலும் முதலில் நான் தேடுவது இந்த ஒரு பக்கத்தைத்தான்.

யூரோவில் இதற்கு வேறு வழி எடுத்தார்கள். நோட்டுக்கு வாங்கும் பஞ்சு முழுவதும் நீடித்த முறையில் விளைந்ததாக இருக்க வேண்டும் என்று 2023ஐ இலக்காக வைத்துப் படிப்படியாகக் கொண்டுவந்தார்கள். பழைய நோட்டுத் துண்டுகளைக் குப்பைமேட்டில் கொட்டுவதையும் நிறுத்தினார்கள்.

மைசூரில் வருடத்துக்கு 12,000 டன் கொள்ளளவுள்ள நோட்டுக் காகித ஆலை ஓடுகிறது. நர்மதாபுரத்தில் பழைய ஆலை. முன்பு கப்பலில் இறக்குமதியாகி வந்த காகிதத்தில் பெரும்பகுதி இப்போது இங்கேயே ஆகிறது. வாங்குபவர் அரசு சார்ந்த ஓரிரு ஆலைகள்தான் என்றால், "இப்படி விளைந்த பஞ்சுதான் வேண்டும்" என்று ஒரு நிபந்தனை போடுவது கடினமா?

நூல்மில் ராஜபாளையம்

போட்டால் நாங்கள் கொடுப்போம். சான்றிதழ் பஞ்சு இப்போதே ஏற்றுமதி ஆர்டருக்கு ஓட்டுகிறோம். அந்த ஓட்டத்தில் விழும் நாயிலைத் தனியாக மூட்டை கட்டினால் முடிந்தது. இதுவரை யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

சிவகாசி அச்சு

அச்சுத் தொழில்நுட்பம் படித்துவிட்டுக் காலண்டரும் தீப்பெட்டி லேபிளும் அடிக்கிறவன். நோட்டு அடிக்கும் முறையில் சூழலுக்குக் கெடுதல் எங்கே ஒளிந்திருக்கிறது என்பதைச் சொல்கிறேன்.

நூறு, ஐந்நூறு ரூபாய் நோட்டைத் தடவினால் காந்தி படம் மேடாகத் தட்டுப்படும் அல்லவா? அது இன்டாக்லியோ. தகட்டில் கோடுகள் பள்ளமாக இருக்கும். தேன்மெழுகு மாதிரி கெட்டியான மையைத் தகடு முழுக்க அப்பிவிட்டு, பள்ளத்துக்குள் இருப்பதை மட்டும் விட்டு மேலே உள்ளதைத் துடைத்து எடுக்க வேண்டும். அப்புறம்தான் டன் கணக்கில் அழுத்தம் கொடுத்துக் காகிதத்தை உள்ளே தள்ளுவார்கள். அந்தத் துடைப்பில்தான் விஷயம். அப்பிய மையில் கணிசமான பங்கு காகிதத்துக்கே போகாமல் துடைப்பு உருளையோடு போய்விடும். உருளையைக் கழுவுவது காஸ்டிக் சோடாவும் டர்க்கி ரெட் ஆயிலும் கலந்த வெந்நீர். திருப்பூர் சாயப்பட்டறைக்காரர்களுக்கு அந்த எண்ணெய் நன்றாகத் தெரியும், ஆமணக்கெண்ணெயில் கந்தக அமிலம் சேர்த்துச் செய்வது.

ஆக, நோட்டு அச்சகத்திலிருந்து வெளியே வருவது மை கலந்த காரத் தண்ணீர். அதை அப்படியே விட்டால் என்ன ஆகும் என்று நொய்யலைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. இதற்கு மருந்து இருக்கிறது. நுண்சவ்வு வடிகட்டி வைத்துத் தண்ணீரையும் காரத்தையும் பிரித்து அதே இயந்திரத்துக்குத் திருப்பிவிடலாம், மிஞ்சுவது கெட்டி மைச் சேறு மட்டும். இன்னொன்று, தகடு தேயாமலிருக்க மேலே குரோமியம் பூசுவார்கள். அந்தப் பூச்சுத் தொட்டியில் இருக்கும் ஆறு இணைதிறன் குரோமியம் புற்றுநோய் தரக்கூடியது. வெற்றிடத்தில் ஆவியாக்கிப் பூசும் மாற்று முறை வந்துவிட்டது.

பஞ்சா பிளாஸ்டிக்கா என்று ஊரே பேசும். இந்தத் துடைப்புத் தண்ணீரை யாரும் பேசமாட்டார்கள். பிளாஸ்டிக் நோட்டுக்கும் இதே இன்டாக்லியோதான், இதே தண்ணீர்தான்.

பழைய கேஷியர்

தம்பி, முப்பத்தோரு வருடம் நோட்டைத் தடவியவனுக்கு இன்றைக்குத்தான் அந்த மேடு எப்படி வந்தது என்று தெரிகிறது. நன்றி.

கரைமகன் தூத்துக்குடி

எல்லாரும் பெரிய விஷயம் பேசுகிறீர்கள். நான் மீன் கடை பார்த்து வளர்ந்தவன், அதைச் சொல்கிறேன்.

அம்மா ஏலக்கூடத்தில் மீன் எடுத்துத் தெருவில் விற்பார்கள். கை எப்போதும் ஈரம். ஐஸ் தண்ணீர், செதில், ரத்தம். வாங்குபவர் காய்ந்த நோட்டு கொடுப்பார், அது அம்மா இடுப்புச் சுருக்குப்பைக்குள் போகும்போது பாதி நனைந்திருக்கும். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் பைக்குள்ளிருந்து ஒரு உருண்டை வெளியே வரும். பத்து ரூபாயும் இருபது ரூபாயும் ஒன்றோடொன்று ஒட்டிய உருண்டை. அதை நானும் தங்கச்சியும் உப்புத் தண்ணீர் போக நல்ல தண்ணீரில் முக்கி, கடப்பைக் கல்லில் ஒவ்வொன்றாக ஒட்டி வைப்போம். காய்ந்ததும் தானாகவே ஓரம் தூக்கும். மறுநாள் காலை அதே நோட்டு ஏலத்துக்குப் போகும். ஏலக்காரர் முகர்ந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்த நாட்களும் உண்டு.

"நோட்டைப் பத்திரமாக வையுங்கள்" என்று எங்கள் அம்மாவிடம் சொல்வதில் என்ன நியாயம்? எங்கள் மாதிரி ஆட்களுக்கு நனையாத நோட்டுதான் வேண்டும். பிளாஸ்டிக் வந்தால் முதல் ஆளாக வரவேற்பேன்.

பழைய கேஷியர்

தம்பி, நீங்கள் சொன்னது என் வாதத்தில் இருந்த பெரிய ஓட்டை. ஏற்றுக்கொள்கிறேன். உங்கள் அம்மாவைக் குறை சொல்ல எனக்கு மனமும் இல்லை, உரிமையும் இல்லை.

பிளாஸ்டிக் நோட்டுக்கு நம் நாட்டில் நடந்த முயற்சியும் இந்த இடத்தில் வர வேண்டும். கொச்சி, மைசூர், ஜெய்ப்பூர், சிம்லா, புவனேஸ்வர் ஆகிய ஐந்து நகரங்களில் நூறு கோடி பத்து ரூபாய் பிளாஸ்டிக் நோட்டுகளை விட்டுப் பார்ப்பதாக 2014இல் நாடாளுமன்றத்தில் அரசு சொன்னது. ஈரம், வெயில், குளிர் எல்லாம் கலந்து தேர்ந்தெடுத்த ஊர்கள். 2016 டிசம்பரில் மறுபடியும் ஒரு பதில் சொன்னார்கள். நம் கைக்கு இதுவரை வரவில்லை. நடுவில் வார்னிஷ் பூசிய நூறு ரூபாய் நோட்டைச் சோதனையாக விடப்போவதாக ரிசர்வ் வங்கியின் 2018-19 அறிக்கை சொன்னது. யூரோவில் இரண்டாம் வரிசை ஐந்து, பத்து நோட்டுகளுக்கு இந்தப் பூச்சு உண்டு. என்னைக் கேட்டால் பூச்சை முதலில் பத்து, இருபதுக்குப் போட வேண்டும். நூறு ரூபாயை மக்கள் ஓரளவு மடிக்காமல் வைத்துக்கொள்கிறார்கள்.

யாழ் நண்பன்

எங்கட பக்கத்து அனுபவம் ஒண்டு. 1998இல் சுதந்திரத்தின் ஐம்பதாம் ஆண்டுக்காக இலங்கை மத்திய வங்கி 200 ரூபாய் பிளாஸ்டிக் தாள் ஒன்றை வெளியிட்டது. அப்போது நான் பள்ளி மாணவன். அப்பா சம்பளத்தோடு ஒன்று கொண்டுவந்து தந்தார். கண்ணாடி மாதிரி ஒரு துளை, அதுக்குள்ளால வெளிச்சம் தெரியும். வழுவழுப்பு. ஆனால் மடித்து வைத்தால் விரிந்து நிற்கும், பேர்சுக்குள் அடங்காது. ஆறு மாதம் கழித்து மடிப்பு விழுந்த இடத்தில் மை உரிந்து வெள்ளைக் கோடு தெரியத் தொடங்கியது. தாள் கிழியவில்லை, படம் அழிந்தது.

அந்த ஒரு வெளியீட்டோடு சரி, மற்றத் தாள்கள் எல்லாம் பஞ்சுக் காகிதமாகவே தொடருகின்றன. நான் சொல்ல வந்தது, கிழியாமல் இருப்பதும் புழங்கத் தகுந்ததாக இருப்பதும் ஒன்றல்ல. எங்கட வெயிலுக்கும் வியர்வைக்கும் மை எப்படி நிற்குது என்பதைத்தான் முதலில் சோதிக்க வேண்டும்.

சூழல்கணக்கு

இரண்டு நாட்டு எண்களைத் தருகிறேன். கனடா மத்திய வங்கி 2011இல் மாறுவதற்கு முன் செய்த வாழ்நாள் ஆய்வில், பிளாஸ்டிக் நோட்டு இரண்டரை மடங்கு உழைக்கும் என்ற அடிப்படையில் புவி வெப்பமாதல் பாதிப்பு 32 சதவீதம் குறையும் என்று வந்தது. இங்கிலாந்து வங்கிக்காக 2017இல் செய்த கணக்கில் ஐந்து பவுண்டு நோட்டுக்கு 16 சதவீதம், பத்து பவுண்டுக்கு 8 சதவீதம்தான் குறைவு.

பத்தைவிட ஐந்தில் லாபம் இரட்டிப்பு. கேஷியர் ஐயா சொல்வதுதான் இந்த எண்ணிலும் தெரிகிறது. சிறிய நோட்டில்தான் ஆயுளின் விளையாட்டு எல்லாம். ஐந்நூறு ரூபாயைப் பிளாஸ்டிக்காக்கி ஒரு பயனும் இல்லை.

ஆயுள் முடிந்த பிளாஸ்டிக் நோட்டை எரித்தால் கணக்கு மறுபடியும் கெடும். 1988இலேயே பிளாஸ்டிக் நோட்டு கொண்டுவந்த ஆஸ்திரேலியாவில் அதை நறுக்கி, உருக்கி, குருணையாக்கி, உரத்தொட்டி, குழாய் இணைப்பு மாதிரி பொருள்கள் செய்கிறார்கள். அந்த ஏற்பாட்டை முதலில் செய்துவிட்டுத்தான் நோட்டை அடிக்க வேண்டும், பிறகு பார்க்கலாம் என்று விட்டுவிடக் கூடாது.

இங்கிலாந்தில் இன்னொரு சிக்கலும் வந்தது, நம் ஆட்களும் அதில் குரல் கொடுத்தார்கள். அந்த பிளாஸ்டிக்கில் மிகச் சிறிய அளவில் மாட்டுக் கொழுப்பு சார்ந்த பொருள் இருப்பது 2016இல் தெரிந்ததும் சைவ உணவுக்காரர்களும் இந்துக் கோயில்களும் எதிர்த்தன. கருத்துக் கேட்டபோது பதில் எழுதியவர்களில் 88 சதவீதம் பேர் விலங்குப் பொருள் வேண்டாம் என்றார்கள். மாற்று என்ன என்றால் பாமாயில். அதற்குக் காடு அழியும் என்ற கவலை. கடைசியில் வங்கி பழையதையே வைத்துக்கொண்டது. நம் ஊரில் நோட்டு உண்டியலில் விழுவது. இதை முதல் நாளே பேசித் தீர்க்காமல் இறங்கக் கூடாது.

கண்டக்டர் மதுரை

இந்த உரையாடலை மூன்று நாளாக வாசிக்கிறேன். ஒன்று ஒப்புக்கொள்கிறேன், பத்து ரூபாய் நோட்டைக் கொல்வதில் எங்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

நாங்கள் நோட்டை நீளவாக்கில் மடித்து விரல் இடுக்கில் வைப்போம். சுண்டு விரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவில் பத்து, அடுத்ததில் இருபது, அப்புறம் ஐம்பது, நூறு. கூட்டத்தில் ஒரு கை கம்பியைப் பிடித்திருக்கும், பார்க்காமலே எடுத்துச் சில்லறை கொடுக்க இதைவிட வேகமான வழி கிடையாது. ஆனால் நாளுக்கு எட்டு நடை, ஒவ்வொரு நடையிலும் அதே நடுக்கோட்டில் மடிப்பு. நோட்டு நடுவில் வெளுத்து, பிறகு பஞ்சு தெரிந்து, பிறகு இரண்டாகப் பிரியும். செலோ டேப் ஒட்டிய நோட்டைப் பாருங்கள், முக்கால்வாசி நீளவாக்கில்தான் டேப் இருக்கும். அது எங்கள் கை வேலை.

ஆனால் இதற்கெல்லாம் மேலே ஒன்று இருக்கிறது. பத்து ரூபாய் நாணயம். எங்கள் ரூட்டில் நான் கொடுத்தால் பயணிகள் வாங்கமாட்டார்கள். "செல்லாது கண்டக்டர், கடையில் வாங்கமாட்டேங்கிறாங்க" என்பார்கள். கடைக்காரரைக் கேட்டால் "வாடிக்கையாளர் வாங்கமாட்டேங்கிறாங்க" என்பார். பையில் நாற்பது நாணயம் கிடக்கும், கிழிந்த பத்து ரூபாய் நோட்டுக்குச் சண்டை நடக்கும். இந்த நாணயம் ஓடியிருந்தால் பத்து ரூபாய் நோட்டே இவ்வளவு அடிக்க வேண்டியதில்லை அல்லவா?

பழைய கேஷியர்

கண்டக்டர் தம்பி, நானே எழுத நினைத்திருந்தேன். பதினான்கு வடிவங்களில் வந்த பத்து ரூபாய் நாணயம் அத்தனையும் செல்லும் என்று 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கி அறிக்கை விட்டது. 14440 என்ற எண்ணில் அழைத்தால் திரும்ப அழைத்து விளக்கம் சொல்லும் ஏற்பாடும் வந்தது. வடிவம் மாறி மாறி வந்ததில்தான் சந்தேகம் பிறந்தது. கோடு பத்து உள்ளது நல்லது, பதினைந்து உள்ளது கள்ளம் என்று ஒரு புரளி கிளம்பி அப்படியே ஒட்டிக்கொண்டது.

சென்னையில் ஓடும் நாணயம் இருநூறு கிலோமீட்டர் தாண்டினால் ஓடாது. ஒரே சட்டம், ஒரே ரூபாய். இதற்கு ஆலையும் வேண்டாம், ஆராய்ச்சியும் வேண்டாம்.

சூழல்கணக்கு

இங்கே ஒரு எச்சரிக்கை. நாணயம் என்றால் பாதிப்பே இல்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நெதர்லாந்து மத்திய வங்கியின் கணக்கில் மொத்த ரொக்கப் புழக்கத்தின் பாதிப்பில் 31 சதவீதம் நாணயத் தயாரிப்பால் வந்தது. தாதுவைத் தோண்டி உலோகம் எடுப்பது சாதாரண வேலை அல்ல.

ஆனால் நம் பத்து ரூபாய் விஷயத்தில் தோண்டியதும் அடித்ததும் ஏற்கனவே முடிந்துவிட்டது. அடித்த நாணயம் பைகளில் சும்மா கிடக்க, அதே மதிப்புக்கு மறுபடி நோட்டும் அடிக்கிறோம். ஒரே பத்து ரூபாய்க்கு இரண்டு முறை சூழல் விலை கொடுக்கிறோம்.

சிங்கை வாசகி

சிங்கப்பூரிலிருந்து. இங்கே 2, 5, 10 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) நோட்டு எல்லாம் பிளாஸ்டிக்தான், கண்டக்டர் அண்ணன் சொன்ன மாதிரி நடுவில் பிரிவதில்லை. ஆனால் வேறொரு வீண் செலவு இருக்கிறது. சீனப் புத்தாண்டுக்கும் தீபாவளிக்கும் அன்பளிப்பு உறையில் வைக்க மொடமொட என்று புது நோட்டு வேண்டும் என்று வங்கியில் வரிசை நிற்கும். பண்டிகை முடிந்ததும் அவ்வளவும் திரும்பி வரும், வழக்கமான தேவைக்கு மேல். ஒரே ஒரு உறைக்குள் போய்வந்த நோட்டு தன் ஆயுளை வாழாமலே அழிகிறது. அதனால் மத்திய வங்கியே முன்வந்து, புழங்கிய ஆனால் நல்ல நிலையில் உள்ள நோட்டை உறையில் வையுங்கள் என்று வருடா வருடம் கேட்டுக்கொள்கிறது.

போன தீபாவளிக்கு என் மாமியாரிடம் இதைச் சொன்னேன். முதலில் முகம் சுளித்தார்கள். பிறகு அவர்களே சுத்தமான பழைய நோட்டாகப் பொறுக்கி, மேசை மேல் அகராதிக்கு அடியில் இரண்டு நாள் வைத்து நேராக்கிப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். எந்தப் பிள்ளையும் கேட்கவில்லை.

பழைய கேஷியர்

பங்குனி, வைகாசி முகூர்த்த மாதங்களில் எங்கள் கவுன்ட்டரிலும் இதே கதைதான். "சார், மொய்க்குப் புதுக் கட்டு பத்து ரூபாய் ஒன்று." அது மாப்பிள்ளை கழுத்தில் நோட்டு மாலையாகத் திரும்பி வரும், ஒவ்வொரு நோட்டிலும் நான்கு பின் ஓட்டை, ஜிகினா ஒட்டின பசை. கரகாட்டக்காரர் சட்டையில் ஊக்கால் குத்தியது வரும். கல்லாப்பெட்டியில் முதல் போணிக்கு வைத்துச் சந்தனம் குங்குமம் தடவியது வரும். தரம் பிரிக்கும் இயந்திரத்துக்குக் குங்குமம் என்று தெரியாது, கறை என்றுதான் தெரியும். உடனே அழிக்கும் பக்கம் தள்ளிவிடும். நோட்டு மாலை கட்டாதீர்கள், வாரி இறைக்காதீர்கள் என்று ரிசர்வ் வங்கி எத்தனையோ முறை கேட்டுக்கொண்டது.

மரியாதை செய்ய வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு வைத்துக் கொடுத்தால் அதுவும் மரியாதைதானே.

கரைமகன் தூத்துக்குடி

ஒரு சந்தேகம். ஜிபே, போன்பே வந்த பிறகு நோட்டு தானாகவே குறைந்துவிடாதா? அம்மாவே இப்போது கூடையில் கியூஆர் அட்டை மாட்டியிருக்கிறார்கள்.

சூழல்கணக்கு

எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறோம். 2024-25இல் புழக்கத்தில் உள்ள நோட்டு மதிப்பில் 6 சதவீதமும் எண்ணிக்கையில் 5.6 சதவீதமும் கூடியிருக்கிறது. ஆகவே காத்திருந்து பயனில்லை.

சிவகாசி அச்சு

கேஷியர் ஐயா ஆரம்பித்த 15,000 டன்னுக்கு வருகிறேன். முன்பு நோட்டை எரித்தார்கள். பிறகு நறுக்கி அழுத்திக் கட்டியாக்கினார்கள். கட்டியை அடுப்பெரிக்கவோ பள்ளம் நிரப்பவோ கொடுத்தார்கள். அதிலுள்ள மை, பாதுகாப்பு இழை, ரசாயனம் எல்லாம் புகையிலும் மண்ணிலும் போகும்.

மறுபடி கூழாக்கி நோட்டுக் காகிதமே செய்யலாமே என்று சிலர் கேட்கிறார்கள். ஈரத்தில் கரையாமலிருக்க அதில் பிசின் சேர்த்திருப்பதால் அவ்வளவு எளிதில் கூழாகாது. ஒரு நோட்டு நன்றாக உழைக்க எது காரணமோ, அதுவே அதை மறுசுழற்சி செய்யவிடாது.

அதனால் ரிசர்வ் வங்கி மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்தைக் கொண்டு ஆய்வு செய்தது. மரத்துகள் பலகைக்கு நடுவே நோட்டுத் துண்டைக் கலந்து அழுத்திப் பார்த்ததில் தரம் தேறியது. பலகை செய்யும் ஆலைகளைப் பதிவு செய்து நேரடியாகக் கொடுக்கும் வேலை தொடங்குவதாக அதே 2024-25 அறிக்கை சொல்கிறது. இது திடீரென்று முளைத்த யோசனையும் அல்ல. 2016இல் செல்லாமல் போன நோட்டுத் துண்டுகளைக் கண்ணூரில் ஒரு பிளைவுட் ஆலை வாங்கிக் கூழில் கலந்து அட்டைப் பலகை செய்தது. சென்னைப் புழல் சிறையில் கைதிகள் அந்தத் துண்டுகளிலிருந்து அலுவலகக் கோப்பு அட்டைகள் செய்தார்கள். இதையெல்லாம் செய்யும் கை நம்மிடம் இருக்கிறது, தொடர்ந்து சரக்கு கொடுக்கும் ஏற்பாடுதான் இல்லாமல் இருந்தது.

பழைய கேஷியர்

எல்லாருடைய எழுத்தையும் நோட்டுப் புத்தகத்தில் குறித்து வைத்திருக்கிறேன். கரைமகன் தம்பிக்கு ஒன்று. நனைந்து வெளுத்த நோட்டை ஏலக்காரர் மறுத்தால் எந்த வங்கிக் கிளையிலும் மாற்றித் தர வேண்டும், கணக்கு இருக்க வேண்டிய அவசியம் இல்லை. இரண்டு துண்டானாலும் மாற்றலாம். அம்மாவிடம் சொல்லுங்கள். யாராவது முடியாது என்றால் எனக்கு எழுதுங்கள், என்ன கேட்க வேண்டும் என்று சொல்லித்தருகிறேன்.

சேலைக்குள் சுருக்குப்பைக்குப் பதிலாக மூடி போட்ட தட்டையான டப்பா ஒன்று கொடுத்துப் பார்க்கலாமா?

கரைமகன் தூத்துக்குடி

கேட்டேன் ஐயா. டப்பா வேண்டாம் என்றுவிட்டார்கள், இடுப்பில் உறுத்துமாம். ஜிப் வைத்த ரெக்சின் பை ஒன்று வாங்கிக் கொடுத்தேன். இரண்டு நாளாக உருண்டை வரவில்லை.

கண்டக்டர் மதுரை

நானும் ஒன்று செய்து பார்த்தேன். திங்கள் முதல் பத்து ரூபாய் நாணயத்தை மறைக்காமல் முதலில் கையில் எடுத்து நீட்டுகிறேன். "நானும் வாங்கிக்கிறேன், நாளைக்கு இதே பஸ்ஸில் என்னிடமே கொடுங்க" என்று சொல்கிறேன். முதல் நாள் வாங்கியவர்கள் ஆறு பேர். புதன்கிழமை பத்தொன்பது. அதில் ஒரு பாட்டி இன்று காலை அந்த நாணயத்தையே டிக்கெட்டுக்குத் திருப்பிக் கொடுத்தார்.

விரல் இடுக்கு மடிப்பை மட்டும் இன்னும் விட முடியவில்லை. கூட்டம் ஏறினால் கை தானாகவே மடிக்கிறது. வேறு வழி யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.